பழைய டெஸ்க்டாப்பில் லெகசி, யூஇஎஃப்ஐ குழப்பம்: என் அனுபவம்

2016-ல் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப் இது. ஆறு வருடம் ஒரு தொல்லையும் தரவில்லை. அப்புறம் ஒரு நாள் காலையில், பூட் டிவைஸ் கிடைக்கவில்லை என்ற ஒரு வரியோடு கறுப்புத் திரையில் நின்றுவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்றார்கள். மகளின் சிறுவயதுப் படங்கள் அதில்தான் இருந்தன. மனசு கேட்காமல் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

கணினி தொடங்கும்போதே டெலீட் கீயைத் தட்டி, தொடக்க அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் போனால், டிஸ்க்கின் பெயர் அங்கே அப்படியே தெரிந்தது. பழைய முறையில் தொடங்க உதவும் சிஎஸ்எம் என்ற அமைப்பு மட்டும் ஆஃப் ஆகியிருந்தது. அதை ஆன் செய்ததும் விண்டோஸ் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். லெகசி என்ற பழைய முறையில் கணினி டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படித்துத் தொடங்கும். யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில், டிஸ்க்கில் அதற்கெனப் பிரித்து வைத்த தனிப் பகுதியில் (பார்ட்டிஷன்) பூட் கோப்பைத் தேடும். என் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டது, அப்படி ஒரு பார்ட்டிஷனே அதில் இல்லை. சிஎஸ்எம் ஆன் ஆகியிருந்தால்தான் என் மதர்போர்டு பழைய முறையில் ஓடும். விண்டோஸ் போடும்போது பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை காட்டும், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். அன்று விண்டோஸ் போட்டவர்கள் மற்றதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அமைப்பு ஏன் தானாக மாறியது? மூன்று வாரத்தில் மறுபடி அதே கதை. இந்த முறை கடிகாரத்தைக் கவனித்தேன், பல வருடம் பின்னால் போயிருந்தது. முந்தைய இரவு அம்மா சுவர் சுவிட்சை அணைத்திருந்தார். சுவிட்ச் போட்டிருக்கும்வரை பவர் சப்ளையே போர்டின் நினைவைக் காத்துவிடும். அணைத்துவிட்டால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல்தான் கதி. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.3-தான் காட்டியது. செல் சோர்ந்தால் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். என் போர்டில் அது யூஇஎஃப்ஐ மட்டும்.

செல்லை மாற்றினேன். அதோடு நிறுத்தாமல் டிஸ்க்கையும் போர்டின் வழிக்கே கொண்டுவந்தேன். என்னைக் கேட்டால் இதுதான் நிலையான தீர்வு. விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பு முதல் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி கூடவே வருகிறது. எம்பிஆர் டிஸ்க்கை, யூஇஎஃப்ஐ முறைக்கு ஏற்ற ஜிபிடி வகையாகத் தரவை அழிக்காமலே மாற்றித் தரும். இருந்தாலும் படங்களை வெளி டிஸ்க்கில் நகலெடுத்த பிறகுதான் கை வைத்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் வேலிடேட் கட்டளை கொடுத்துச் சோதிக்க வேண்டும். பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தாலோ ஒப்புக்கொள்ளாது. எனக்கு அந்தச் சிக்கல் இல்லை, சில நிமிடத்தில் முடிந்தது. முடிந்த கையோடு பயாஸில் சிஎஸ்எம்மை அணைத்துவிட வேண்டும். மிகப் பழைய கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், சிஎஸ்எம் இல்லாமல் படமே வராத கார்டுகள் உண்டு.

உங்கள் கணினி எந்த முறையில் ஓடுகிறது என்று பார்க்க, விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டினால் பயாஸ் மோட் என்ற வரியில் தெரியும்.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் வேண்டுமென்றே பிளக்கைப் பிடுங்கி, செல்லையும் கழற்றி, கால் மணி நேரம் விட்டு மாட்டிப் பார்த்தேன். கடிகாரம் மட்டும் பின்னால் போயிருந்தது. விண்டோஸ் நேராக வந்து நின்றது.