மூன்று வருடம், ஓர் அட்டவணை, ஒரு காணி உறுதி

கொள்ளுப்பிட்டியில் உள்ள எங்கள் கம்பனியின் சட்டப் பிரிவில் மூன்றே பேர். கிளைகளோ பதினெட்டு. ஒப்பந்தங்கள் அலுமாரியிலும் கணினியிலும் முகாமையாளர்களின் மேசை லாச்சிகளிலும் சிதறிக் கிடந்தன. அப்போதுதான் இந்தியாவில் இயங்கும் மாற்றுச் சட்டச் சேவை நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். இவர்கள் நீதிமன்றத்தில் தோன்றுவதில்லை. ஒப்பந்தம் வாசிப்பது, வகைபிரிப்பது, ஆவணங்களைச் சரிபார்ப்பது என்று எங்களுக்குச் சலிப்பூட்டும் வேலைகளை மொத்தமாக எடுத்துச் செய்பவர்கள். 2000இல் நியூயோர்க்கில் தொடங்கிய அக்ஸியம் இந்த வகையில் பழையது. கட்டணம் மணிக்கணக்கில் அல்ல, ஆவணக் கணக்கில். எங்கள் நிதிப் பிரிவு சம்மதித்ததற்கு அதுவே காரணம்.

முதல் மாதமே ஓர் அட்டவணை வந்தது: யாருடன் ஒப்பந்தம், எப்போது முடிகிறது, எத்தனை நாள் முன்னறிவித்தல். அதில் நீர்கொழும்புக் கிளையின் ஜெனரேட்டர் பராமரிப்பு ஒப்பந்தம் சிவப்பில் இருந்தது. அந்தக் கிளையை மூடி இரண்டு வருடம். ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்பட, நாங்களும் பேசாமல் கட்டிக்கொண்டிருந்தோம்! அறிவித்தல் கொடுக்க ஒன்பது நாள் மிச்சம். அன்று மாலையே கடிதம் போயிற்று.

சறுக்கியது காணி விடயத்தில். தெஹிவளைக் களஞ்சியத்துக்கு மூன்று வருடக் குத்தகை எழுதித் தந்த இந்த நிறுவனத்தார், இரு தரப்பிடமும் தொலைபேசித் திரையிலேயே கையொப்பம் வாங்கி 'முடிந்தது' என்று குறித்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் கையொப்பமிட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். விக்டோரியா காலத்துச் சட்டம்தான், இன்னும் உயிரோடு இருக்கிறது. நாங்கள் கொழும்பின் நீதிமன்றப் பகுதியான புதுக்கடைக்குப் போய், நொத்தாரிசைப் பிடித்து, எல்லாவற்றையும் மறுபடி எழுதினோம்.

மொழியும் தொல்லை. யாழ்ப்பாண விநியோகஸ்தர் பிணையாகத் தந்த 'காணி உறுதி'யை, அதாவது நிலத்தின் உரிமைப் பத்திரத்தை, இயந்திர மொழிபெயர்ப்பு 'காணி உத்தரவாதம்' என்ற பொருளில் ஆங்கிலமாக்கியிருந்தது. அவர்கள் அதை வங்கி உத்தரவாதங்களோடு சேர்த்து, 'காலாவதித் திகதி காணவில்லை' என்று சிவப்புக் குறியும் இட்டிருந்தார்கள். தாத்தா காலத்து உறுதிக்கு ஏது காலாவதி? அன்றிலிருந்து தமிழ், சிங்களக் கோவைகளை அனுப்புவதில்லை, நாங்களே வாசிக்கிறோம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து, அடையாள அட்டை இலக்கங்களை மறைத்த பிறகே ஆவணங்களை அனுப்புகிறோம். எங்கள் பயிலுநருக்கு வாரத்தில் அரை நாள் இதிலேயே போகிறது. விலைப்பட்டியலில் வராத செலவு இது.

ஆனாலும் விடவில்லை. வெளிச் சட்டத்தரணிகளுக்குப் போகும் சின்னச் சின்ன வேலைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகிறேன்.

போன திங்கட்கிழமை வந்த அட்டவணையில் ஒரே ஒரு சிவப்பு வரி: எங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான ஒப்பந்தம் இன்னும் அறுபது நாளில் தானாகப் புதுப்பிக்கப்படும். நேர்மையான ஆட்கள்தான். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.