சீட்டா ஹெலிகாப்டர்: மேலே போகத்தான் இந்த எஞ்சின்

சீட்டாவை எடை போட முதலில் பார்க்க வேண்டியது அதன் எடையைத்தான். ஆளும் எரிபொருளும் இல்லாமல் 1,021 கிலோ. புறப்படும்போது 1,950 கிலோவைத் தாண்டக் கூடாது. சுமையை அடியில் கொக்கியில் தொங்கவிட்டால் 2,300 வரை போகலாம். இந்தச் சிறிய உடம்புக்குள் இருப்பது 870 குதிரைத்திறன் தரக்கூடிய ஆர்துஸ்த் 3பி டர்பைன். ஆனால் அதிலிருந்து 550க்கு மேல் எடுக்க அனுமதி இல்லை. மிச்சம் 320 எதற்கு என்று கேட்டால், அதுதான் இந்த எந்திரத்தின் சூட்சுமம்.

மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. 6,000 மீட்டரில் அதன் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். எந்த எஞ்சினும் அங்கே சோர்ந்துபோகும். கீழே எடுக்காமல் விட்டுவைத்த திறன் இருப்பதால், மற்ற ஹெலிகாப்டர்கள் மூச்சு வாங்கும் உயரத்திலும் சீட்டாவுக்கு முழு 550 கிட்டத்தட்டக் கிடைத்துவிடுகிறது. முழு எடையோடு, தரையில் மோதித் திரும்பும் காற்று மெத்தைபோல் தாங்காத இடத்திலும் 4,600 மீட்டரில் அந்தரத்தில் நிற்கும்.

இதற்கு முன்னோடி பிரான்சின் அலூவெத் 2. 1955 மார்ச் 12இல் முதன்முதலாகப் பறந்தது. டர்பைன் எஞ்சினோடு தொழிற்சாலையில் வரிசையாக உற்பத்தியான முதல் ஹெலிகாப்டர் அதுதான். அதுவரை பிஸ்டன் எஞ்சின்கள், தாம் தந்த திறனில் பெரும்பகுதியைத் தம் எடையைத் தூக்கவே செலவிட்டன. மூன்றே மாதத்தில், ஜூன் 6 அன்று, சோதனை விமானி ழான் பூலே அதை 8,209 மீட்டருக்குக் கொண்டுபோனார். 1957 ஜனவரியில் மோன் பிளாங்க் மலையில், மீட்கப் போன பிஸ்டன் எஞ்சின் ஹெலிகாப்டரே பனியில் விழுந்தபோது, அதில் சென்றவர்களை இறக்கிக் கொண்டுவந்தவை அலூவெத் 2 ஹெலிகாப்டர்கள். மலை மீட்புக்கு எது வேண்டும் என்ற கேள்வி அன்றே தீர்ந்துவிட்டது என்பேன்.

1968இல் இந்தியப் படைகள் இமயமலைக்கென்று ஒன்று கேட்டன. அலூவெத் 2இன் குழாய்ச் சட்டகத்தை வலுப்படுத்தி, அடுத்து வந்த அலூவெத் 3இன் எஞ்சினையும் ரோட்டரையும் (தலைக்கு மேல் சுழலும் இதழ்த் தொகுதி) அதில் பொருத்தினார்கள். 1969 மார்ச் 17இல் பறந்த அந்தக் கலவை ஐரோப்பாவில் லாமா ஆயிற்று, பெங்களூரு விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். உரிமம் பெற்றுச் செய்தபோது சீட்டா ஆயிற்று. 1969இலேயே இமயமலைச் சோதனையில் இரண்டு பேரும் 120 கிலோ எரிபொருளுமாக 7,500 மீட்டரில் இறங்கி ஏறியது. 1972 ஜூன் 21 அன்று அதே பூலே, லாமாவை 12,442 மீட்டருக்கு ஏற்றினார். இறங்கத் தொடங்கும்போது எஞ்சின் அணைந்துவிட்டது; ரோட்டர் காற்றில் தானே சுழல, எஞ்சின் இல்லாமலே தரைவரை வந்து சேர்ந்தார்.

இனி குறைகள். முதல் குறை தாகம். ஆர்துஸ்த் ஒற்றைத் தண்டு டர்பைன்: காற்றை அழுத்துவதும் ரோட்டரைச் சுழற்றுவதும் ஒரே தண்டு. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 33,500 சுற்று. தொட்டி 575 லிட்டர், தூரம் 515 கிலோமீட்டர், வேகம் 192. கணக்குப் போட்டால் மணிக்கு 210 லிட்டர் போல வருகிறது. 1969 சோதனையின் 120 கிலோ என்பது 150 லிட்டர். தாழ்வான இடத்துக் கணக்கில் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. அதனால் உயரக் காவல்சாவடிக்குப் போகும்போது தொட்டியை நிரப்புவதில்லை. பத்து லிட்டர் குறைத்தால் எட்டுக் கிலோ அரிசியோ மருந்தோ கூடப் போகும். சியாச்சின் பனியாற்றில் இந்தியப் படை நிலைகொண்ட 1984 ஏப்ரல் முதல் நடப்பது இந்தக் கிலோக் கணக்குதான்.

ஸ்டார்ட் செய்வதில் கவனம் வேண்டும். எஞ்சின் முதலில் தனியாக ஓடும்; ரோட்டரை இணைப்பது மையவிலக்கு கிளட்ச். லீவரை மெதுவாக முன்னே தள்ள வேண்டும். அவசரப்பட்டால் கிளட்ச் பட்டை தேயும். பேட்டரி பலவீனமாக இருப்பது அதைவிட மோசம்: டர்பைன் போதிய வேகம் எடுக்காமல் காற்று குறைவாக வர, எரிபொருள் மட்டும் எரிந்து வெப்பநிலை முள் பாய்ந்து ஏறும். உடனே எரிபொருளை மூடிவிட்டு, ஸ்டார்ட்டரை மட்டும் தொடர்ந்து ஓட விட வேண்டும். ஸ்டார்ட்டரையும் சேர்த்து நிறுத்தினால் உள்ளே தேங்கிய சூடு டர்பைன் இதழ்களைக் கெடுக்கும்.

தரையில் இருக்கும்போது பயப்பட வேண்டியது தரை அதிர்வுக்கு. ரோட்டரின் மூன்று இதழ்களும் கீலில் முன்பின் அசைபவை; அந்த அசைவை டாம்பர்களும், இதழ்களுக்கிடையே உள்ள கம்பிகளும் அடக்குகின்றன. ஒரு டாம்பரில் எண்ணெய் கசிந்து, ஹெலிகாப்டர் ஒரு காலில் சாய்ந்து இறங்கினால் இதழ்கள் ஒழுங்கு கலையும், உடல் ஆடத் தொடங்கும், சில நொடிகளில் எந்திரமே சிதறிவிடும். ரோட்டர் முழு வேகத்தில் இருந்தால் தயங்காமல் மேலே தூக்கிவிட வேண்டும். வேகம் குறைந்துவிட்டால் கலெக்டிவை (இதழ்களின் சாய்வைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்) கீழே அழுத்தி, எஞ்சினை அணைத்து, ரோட்டர் பிரேக் போட வேண்டும். டாம்பரை ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் கையால் தடவிப் பார்ப்பதை யாரும் தவிர்க்கக் கூடாது.

மலை முகட்டில் இறங்கும்போது இன்னொரு ஆபத்து: பின்காற்றில், மெதுவாக, செங்குத்தாக இறங்கினால் ரோட்டர் தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்போது கலெக்டிவை இழுக்க இழுக்க இன்னும் வேகமாக விழும். முன்னால் சாய்த்து வேகம் எடுத்தால்தான் விடுதலை. அதற்குக் கீழே இழக்க உயரம் வேண்டும், முகட்டில் அது கிடையாது. ஆகவே காற்றை எதிர்கொண்டு, சரிவைக் குறைத்து வர வேண்டும். விடியற்காலைப் பறப்புக்கும் காரணம் உண்டு: −20 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்கு ஏறினால் அதே இடத்தில் காற்று சுமார் 7 சதவீதம் மெலிந்துவிடும்.

அமெரிக்க ஹெலிகாப்டரில் பழகியவருக்கு ஒரு சொல்: இதன் ரோட்டர் மேலிருந்து பார்த்தால் வலஞ்சுழி. திறன் கூட்டும்போது மூக்கு இடப்பக்கம் திரும்பும், மிதிக்க வேண்டியது வலது பெடல்.

இதன் உறவான சேத்தக் (அலூவெத் 3) ஏழு இருக்கையும் சக்கரங்களும் கொண்டது. கப்பல் தளத்துக்கும் பயிற்சிக்கும் அதுவே பொருத்தம். அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியில் கடற்படை விமானிகள் பழகியது அதில்தான். தொங்கு சுமைக்கு மட்டும் சீட்டாவுக்கு நிகர் சேத்தக் இல்லை: கொக்கியில் 1,135 கிலோ, தன் எடையைவிட அதிகம். ஆல்ப்ஸில் கம்பிவட ஊர்திக் கோபுரங்களுக்குக் கான்கிரீட் சுமந்ததும் இதற்காகத்தான்.

ஆனாலும் இன்று பயணிகளை ஏற்ற இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒற்றை எஞ்சின், தானியங்கி விமானி இல்லை, வானிலை ரேடார் இல்லை. மேகத்துக்குள் புகுந்தால் விமானியின் கண்ணும் சில முட்களும் மட்டுமே துணை. 2005 மே 14இல் எவரெஸ்ட் உச்சியில் இறங்கிக் காட்டிய ஏ.எஸ்.350 பி3, இதே யோசனையை, ரோட்டரைச் சுழற்றத் தனியாக ஒரு தண்டு வைத்த சிக்கனமான டர்பைனோடு செய்கிறது. பழைய சீட்டாவையே வைத்திருக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு, டி.எம்.333 எஞ்சின் பொருத்திய சீத்தல் வடிவம் உண்டு. எஞ்சினை மாற்றும்போதே டாம்பர்களையும் கிளட்சையும் பிரித்துப் பார்த்துவிடுங்கள். அவை புதிய எஞ்சினோடு புதிதாகிவிடுவதில்லை.