ஆரல்வாய்மொழிக் காற்றில் திருகு ஆணி செட்

கார் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் துணிக்கூரையின் கயிறுகளை மண்ணில் பிடித்து நிறுத்த வாங்கிய செட் இது. 30 செ.மீ. நீளத்தில் எட்டு இரும்புத் திருகு ஆணி, பாலியெஸ்டர் கயிறு, கயிற்றில் மாட்ட நான்கு ஸ்பிரிங், டிரில்லில் பொருத்தித் திருக ஒரு முனை, அவ்வளவுதான். ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூடாரம் போட்டோம். கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாய்ந்து வரும் அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன.

கூடாரத்தோடு கொடுக்கும் மெல்லிய கம்பி ஆணி இந்தக் காற்றுக்கு ஆகவே ஆகாது. காற்று ஒரே சீராக இழுத்தால்கூடச் சமாளிக்கும், ஆனால் விட்டு விட்டு வெட்டி இழுக்கும்போது ஆணி ஆடி ஆடிக் குழி அகலமாகி, கடைசியில் கயிறோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். திருகு ஆணி சரளை கலந்த செம்மண்ணில் இறங்கக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், டிரில் இல்லாமல் கையால் திருகுவது பெரும்பாடு, இறங்கிவிட்டால் மட்டும் அசையவே அசையாது. ஸ்பிரிங்கும் வீண் அலங்காரம் இல்லை, துணியின் வளையம் கிழியாமல் அந்த வெட்டு இழுப்பை அதுதான் வாங்கிக்கொள்கிறது. கயிறு பாலியெஸ்டர் என்பதும் நல்லது, நைலான் என்றால் நனைந்ததும் நீண்டு தொய்ந்துவிடும், நடுராத்திரி எழுந்து இழுத்துக் கட்ட வேண்டும்.

குறை என்றால், தலையில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி. கல்லில் முட்டியபோது ஒன்று விரிசல் விட்டது. இரும்பிலேயே செய்திருக்கலாம். கடற்கரையின் காய்ந்த மணலுக்கும் இது சரிப்படாது, கையாலேயே உருவி எடுத்துவிடலாம். அங்கே சாக்குப் பையில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்தால்தான் நிற்கும்.

அட்டைப்பெட்டியில் 'எந்தப் புயலையும் தாங்கும்' என்று போட்டிருப்பதை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணி மேல் விழும் விசை நான்கு மடங்காகும். ஆணி தாங்கினாலும் கம்பு வளையும், துணி கிழியும், பிய்த்துக்கொண்டு பறந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு ஆபத்து. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், அதாவது மரத்தின் பெரிய கிளைகளே ஆடும்போது, கூரையைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிடுங்கள். அதற்குக் குறைவான காற்றில் காரைக் காற்று வரும் பக்கம் மறைப்பாக நிறுத்தி, கூரையைத் தாழ்வாகக் கட்டினால் இந்த செட் தாராளமாகப் போதும். சாதாரண ஆணியைவிட விலை அதிகம்தான், செம்மண் பக்கம் முகாம் போடுபவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.