நான்காவது பாதை எங்கே போனது?

காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரி ஓடுவதற்கு முன்பே ஒரு கதை வேண்டும்: மனிதர் இனி எப்படி வாழ்வார்கள் என்று. அப்படி இரண்டு கதைத் தொகுதிகள் உண்டு. இலங்கையின் தேயிலை மலையகத்தில் இருந்து பார்த்தால் எது நமக்கு ஆகும்?

பழையது 2000இல் ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசி வெளியிட்டது. ஏ1, ஏ2, பி1, பி2 என நான்கு குடும்பங்கள், 40 காட்சிகள் (எதிர்காலம் இப்படிப் போகலாம் என்ற வரைவுகள்). பொருளாதாரமா சுற்றுச்சூழலா, உலகம் சேருமா பிரியுமா என்பதே அதன் கேள்வி. கொழுந்து பறிப்பவருக்கு அதில் இடமே கிடையாது.

புதியது எஸ்எஸ்பி: சமூகமும் பொருளாதாரமும் போகக்கூடிய ஐந்து பாதைகள். புகையைக் குறைப்பது எவ்வளவு கடினம், வருவதைத் தாங்குவது எவ்வளவு கடினம் என்று இது தனித்தனியாகக் கேட்கிறது. முதல் பாதையில் இரண்டும் எளிது, மூன்றாவதில் இரண்டும் கடினம், இரண்டாவது நடுவில். ஐந்தாவதில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்தே செல்வம் சேர்வதால் குறைப்பதுதான் சிக்கல், தாங்கப் பணம் இருக்கும். நான்காவது இதற்கு நேர் எதிர். மேலே இருப்பவர்கள் புகையைக் குறைத்துவிடுவார்கள். கீழே இருப்பவர்களால் தாங்க முடியாது.

படித்ததும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயம்தான் கண்ணில் நின்றது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. எழும்பிப் போக அங்கே இருந்தவர்கள் பேரில் காணி எங்கே?

ஆனால் ஐபிசிசியின் 2021 அறிக்கை முன்னிறுத்திய ஐந்து காட்சிகளில் நான்காவது பாதையைக் காணோம். முதல் பாதையில் இரண்டு. இரண்டு, மூன்று, ஐந்தில் ஒவ்வொன்று. நூற்றாண்டு முடிவில் தொழிற்புரட்சிக்கு முன்பைவிட 1.4 முதல் 4.4 பாகை வரை வெப்பம் கூடும் என்று காட்ட அவை போதும். மலையகத்துக்குப் போதாது.

மற்றக் குறை, சனத்தொகையும் வருமானமும் நாட்டுக்கு ஓர் எண்ணாக வருவது. கொழும்பும் ஹட்டனும் ஒரே கூடையில்!

ஆகவே நான்காவது பாதைக்குள்ளேயே நமக்கென்று இரண்டு கதை எழுதிப் பார்க்கலாம். இரண்டிலும் அதே வெப்பம், அதே வறட்சி. முதல் கதையில் நாட்சம்பளம்: செடி காய்ந்து சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். இரண்டாவதில் தொழிலாளியே சிறுதோட்டக்காரர். உரம் இல்லாமல் போனால் (2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது மறக்கவில்லை) நட்டம் அவர் தலையில்தான். என்றாலும் அந்தத் துண்டில் இரண்டு பாத்தி மரக்கறி போட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நான் இரண்டாவது கதையின் பக்கம்.