வார்ப்பு எண்ணை நம்பி நான் வாங்கிய 'இசட்/28'

1969ஆம் ஆண்டின் செவ்ரோலெட் கமாரோ காரின் உயர்வேக வகையான இசட்/28 ஒன்றை வாங்கும் எண்ணத்தோடு பணம் சேர்த்து வைத்திருப்பவர்கள், அந்தப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் ஏமாந்ததில் பாதிப் பழி வண்டியை விற்றவரைச் சேரும். மறுபாதி, அவரும் நானும் வேதவாக்காக நம்பிய, எண்களை வைத்து வண்டியின் வகையைக் கண்டறியச் சொல்லும் ஓர் அடையாளக் கையேட்டைச் சேரும்.

வண்டி இங்கே ஒஹாயோவில், பழைய மசில் கார்களை (பெரிய என்ஜின் பொருத்திய அமெரிக்க வேகக் கார்களை) வாங்கி விற்கும் ஒருவரின் கொட்டகையில் நின்றது. அவர் பானெட்டைத் திறந்து, என்ஜின் பிளாக்கின் பின்விளிம்பில் ஓட்டுநர் பக்கமாக இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, பிளாக்கை வார்க்கும்போதே பதிந்து புடைத்து நின்ற 3970010 என்ற வார்ப்பு எண்ணைக் காட்டினார். பிறகு கையேட்டைப் புரட்டி, அதே எண்ணுக்கு நேரே '302, இசட்/28' என்று அச்சிட்டிருந்த வரியில் விரலை வைத்து, "என் பேச்சை நம்ப வேண்டாம், புத்தகத்தைப் பாருங்கள்" என்றார். என் பையிலும் அதே கையேடு இருந்தது. அதிலும் அதே வரி இருந்தது. சாதாரண கமாரோவுக்குத் தரக்கூடிய விலையைப் போல ஏறத்தாழ இரு மடங்கைக் கொடுத்து வண்டியை எடுத்து வந்தேன்.

அந்த வரியின் பிழை இதுதான். 1969ஆம் ஆண்டு இசட்/28களின் 302 கன அங்குல என்ஜின்களில் சில இந்த எண்ணுள்ள பிளாக்கில் கட்டப்பட்டவை என்பது உண்மை. ஆனால் இதே எண்ணோடு 350 கன அங்குல என்ஜின்களுக்கான பிளாக்குகள் எழுபதுகள் நெடுகிலும் ஏராளமாக வார்க்கப்பட்டு, கார்களிலும் சரக்கு வண்டிகளிலும் ஏறின. இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம்தான். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் நீளம் 302இல் 3 அங்குலம், 350இல் 3.48 அங்குலம். வெளியே நின்று பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. இந்த எண்ணில் 302 உண்டு என்று எழுத வேண்டிய இடத்தில், இந்த எண் என்றால் 302தான் என்று பொருள்படும்படி எழுதிவிட்டார்கள்.

என்ஜினின் பிறப்பைச் சொல்வது வார்ப்பு எண் அல்ல. பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சிறு சமதளத்தில் குத்தப்பட்ட எண்களே அதைச் சொல்லும். 1969ஆம் ஆண்டு 302 என்றால் அங்கே கட்டிய தேதியோடு 'டி இசட்' என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். என் வண்டியில் அந்தத் தளம் மொழுமொழுவென்று இருந்தது. என்ஜினைப் புதுப்பித்தபோது சீவியதில் எண் அழிந்துவிட்டதாக விற்றவர் சொன்னார்; அப்படி நடப்பதும் உண்டு என்பதால் தலையாட்டிவிட்டேன்.

வேறொரு வேலைக்காக வண்டியைப் பார்த்த மெக்கானிக், பிளாக்கின் பின்விளிம்பில் மறுபக்கத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்தபோது 'டி 14 3' என்ற வார்ப்புத் தேதி வெளிப்பட்டது. 'டி' நான்காம் எழுத்து, ஆகவே ஏப்ரல், 14 நாள், 3 என்பது ஆண்டின் கடைசி இலக்கம். 1963இல் இந்த வார்ப்பே இல்லை என்பதால், 1969ஆம் ஆண்டு வண்டிக்குள் 1973இல் வார்த்த பிளாக் இருந்தது என்பது உறுதியாயிற்று. பின்னர் ஹெட்டைக் கழற்றி அளந்தபோது 3.48 அங்குலம் வந்தது.

அதே கையேட்டின் இன்னொரு கோளாறு என்னை வேறு விதமாக வீழ்த்தியது. 1969ஆம் ஆண்டு இசட்/28இன் உடல் தகட்டில் (ஆலை விவரக் குறியீடுகளைக் குத்திப் பொருத்தும் தகடு) எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருக்கும் என்று அது பொதுவாகச் சொல்கிறது. நார்வுட் ஆலையில் அந்தக் குறியீடு 1969 மாடல் பருவத்தின் இடையில்தான் தொடங்கியது. லாஸ் ஏஞ்சலஸின் வான் நைஸ் ஆலை அதைக் குத்தவே இல்லை. என் வண்டியின் வின் எண் (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்) 124379எல் என்று தொடங்குவதால் அது வான் நைஸில் பிறந்தது. தகட்டில் எக்ஸ் எண் இல்லாததற்கு விற்றவர் இந்தக் காரணத்தைச் சொன்னார். விசாரித்துப் பார்த்தேன், உண்மைதான். புத்தகத்தையே திருத்துகிறவர் என்ற மதிப்பில், அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் சேர்த்து நம்பிவிட்டேன். (வின் எண்ணில் உள்ள 24 அது வி8 கமாரோ என்று மட்டும் சொல்லும்; இசட்/28ஆ இல்லையா என்பது அதில் கிடையாது.) எக்ஸ்11 என்றால் எஸ்எஸ் (இன்னொரு உயர்வேக வகை) வண்டி என்றும் அச்சிட்டிருக்கிறார்கள், வெளி அலங்காரப் பொதி மட்டும் பெற்ற சாதாரணக் கமாரோவிலும் அது வரும்.

கமாரோவோடு இது நிற்கவில்லை. செவ்ரோலெட்டின் இன்னொரு காரான செவெல் எஸ்எஸ் 396இன் வின் எண் 138 என்று தொடங்குவது 1966 முதல் 1968 வரைதான். 1969இல் எஸ்எஸ் ஒரு விருப்பப் பொதியாக மாறியபின் அந்த விதி செல்லாது. விதியை ஆண்டு குறிப்பிடாமல் அச்சிட்டால், அசலான 1969 வண்டியைப் போலி என்று சொல்லிவிடும்.

ஃபோர்டு வாங்குபவர்களுக்கு 1967 முதலான ஆலைத் தரவிலிருந்து, ஒரு வண்டி எப்படிக் கட்டப்பட்டது என்று சொல்லும் மார்ட்டி அறிக்கை கிடைக்கிறது. பான்டியாக்குக்கும் ஆலை ஆவணங்களின் நகல் கிடைக்கிறது. அமெரிக்காவில் விற்ற இந்தக் காலத்துச் செவ்ரோலெட்டுகளுக்கு அப்படி வண்டிவாரியான பதிவு இல்லாததால்தான் கையேடுகளுக்கு இவ்வளவு அதிகாரம் வந்துவிட்டது. ஆகவே வண்டியைக் கட்டியபோது பயன்பட்ட ஆலைத் தாளோ, உத்தரவாதப் புத்தகத்தோடு வந்த சிறு உலோகத் தகடோ வண்டியோடு இருக்கிறதா என்று கேளுங்கள். வார்ப்புத் தேதியை நீங்களே தேய்த்துப் படியுங்கள். அடியில் குனிந்து எரிபொருள் குழாயையும் பாருங்கள்: இசட்/28க்கு 3/8 அங்குலம். என் வண்டியில் பன்னிரண்டு போல்ட் பின் ஆக்ஸில், முன் டிஸ்க் பிரேக், உடலின் வண்ணக் கோடுகள் எல்லாவற்றையும் மாற்றியவர்கள், 5/16 அங்குலக் குழாயை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள்.

விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. தானும் புத்தகத்தை நம்பியதாகச் சொல்கிறார், அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வண்டியை இப்போது விற்பனைக்கு வைத்திருக்கிறேன். விளம்பரத்தின் முதல் படம், 'டி 14 3' தெரியும் பிளாக்கின் பின்விளிம்பு.