டர்பன் ஆய்வாளர்களுக்கு ஆர்கிட் எண்: எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதும் தமிழர்களின் பெயர்களைப் பார்த்தால் நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி, படையாச்சி, செட்டி என்று ஏழெட்டுக் குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். முதலெழுத்தோடு சேர்த்து ‘கே. பிள்ளை’ என்று அச்சானால் அது கஸ்தூரியா, குமரனா, கிருஷ்ணனா என்று ஜர்னலுக்கும் தெரியாது, தேடுபொறிக்கும் தெரியாது. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பெயரை ஆங்கிலப் பதிவேட்டில் எழுத்தர்கள் எப்படி எழுதினார்களோ அப்படியே அது நிலைத்துவிட்டது. அதனால் ஒய் எழுத்தில் முடியும் பிள்ளையும் ஐ எழுத்தில் முடியும் பிள்ளையும் கணினிக்கு வேறு வேறு ஆள். கல்யாணத்துக்குப் பிறகு மூட்லி என்பதை கோவெண்டர் என்று மாற்றிக்கொள்ளும் பெண்களின் பழைய கட்டுரைகளோ இன்னொருவர் எழுதியவை போலத் தனியே கிடக்கும். இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்றே, ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஒரு தனி எண் தந்து நடக்கும் இலவசச் சேவைதான் ஆர்கிட் (ORCID). ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். அந்த ஒரு மதிப்பெண் எங்கே குறைகிறது என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆர்கிட் லாபநோக்கமற்ற அமைப்பு. 2012 அக்டோபரில் தொடங்கியது. ஆய்வாளர் பைசா கட்ட வேண்டாம். பல்கலைக்கழகங்களும் பதிப்பகங்களும் கட்டும் உறுப்பினர் கட்டணத்தில் ஓடுகிறது. பதிவு செய்தால் நான்கு நான்காகப் பிரித்த 16 இலக்க எண் கிடைக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. ஆர்கிட்டே மாதிரிக்கு வைத்திருக்கும் 0000-0002-1825-0097 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து ஒவ்வொரு இலக்கத்தையும் அதுவரை வந்த தொகையோடு கூட்டி இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால், 15-ஆவது இலக்கத்தில் 1314 வரும். அதை 11-ஆல் வகுத்தால் மீதி 5. 12-இல் 5 போக 7. அதுதான் கடைசி இலக்கம். கணக்கில் 10 வந்தால் எக்ஸ் எழுத்து நிற்கும். உங்கள் எண் எக்ஸில் முடிந்தால் பிழை என்று பயப்பட வேண்டாம். தட்டச்சில் ஒரு இலக்கம் மாறினால் இந்த ஏற்பாடு பிடித்துவிடும். ஆனால் அடுத்தவரின் சரியான எண்ணை உங்கள் பெயருக்கு எதிரே ஒட்டினால் பிடிக்காது. அதைப் பிறகு பார்ப்போம்.

பெயர்க் குழப்பம் வெறும் மனக்குறையோடு நிற்பதில்லை, அளவீட்டிலும் போய் விழுகிறது. ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த எச்-இண்டெக்ஸை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் எண் அது. ஒருவரின் ஆறு கட்டுரைகளுக்கு 25, 18, 9, 5, 4, 1 என்று மேற்கோள்கள் இருந்தால் அவருடைய எச் 4. ஏனென்றால் நான்கு கட்டுரைகளுக்குத் தலா நான்கு மேற்கோளாவது உண்டு, ஐந்துக்கு ஐந்து இல்லை. அதே பெயருள்ள இன்னொருவரின் 12 மேற்கோள் வாங்கிய ஒரே ஒரு கட்டுரை இவர் கணக்கில் சேர்ந்தால் எச் 5 ஆகிவிடும். மாறாக, இவருடைய 18-உம் 9-உம் பெயர் எழுத்து மாறியதால் வேறொரு கணக்குக்குப் போய்விட்டால் எச் 3 ஆக இறங்கும். உழைப்பில் எந்த மாற்றமும் இல்லை; பெயர் பிரிந்ததும் சேர்ந்ததும்தான் வித்தியாசம். பதவி உயர்வுக் குழுவின் மேஜையில் அந்த 3-க்கும் 5-க்கும் என்ன எடை என்பது இந்த ஊர் விரிவுரையாளர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பதிவு செய்வது ஐந்து நிமிட வேலை. ஆனால் பெயர்ப் பகுதியில் அவசரப்படாதீர்கள். ஆர்கிட்டில் முதற்பெயர் கட்டாயம். குடும்பப் பெயர் கட்டாயமில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் மேற்படிப்புக்கு வருபவர்களுக்கு இது பெரிய வசதி. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் மட்டுமே உள்ளவர், இல்லாத குடும்பப் பெயரை உருவாக்க வேண்டாம். ஜர்னல்களின் சமர்ப்பிப்புப் படிவங்களில்தான் தொல்லை. அங்கே குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்பதால் ஒருவர் புள்ளி வைக்கிறார், ஒருவர் தன் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார், ஒருவர் அப்பா பெயரை விரித்து எழுதுகிறார். மூன்று கட்டுரையில் மூன்று வடிவம் வந்துவிடும். ஒரு வடிவத்தை முடிவு செய்து அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். ‘வெளியீட்டுப் பெயர்’ கட்டத்தில் அதைப் போட்டு, கல்யாணத்துக்கு முந்தைய பெயர், வேறு எழுத்துக்கூட்டல், முதலெழுத்து வடிவம் எல்லாவற்றையும் ‘பிற பெயர்கள்’ கட்டத்தில் சேருங்கள். தமிழ் எழுத்திலும் பெயரைப் போடலாம். சேவை அதை ஏற்றுக்கொள்ளும். தளத்தின் இடைமுகம் மட்டும் தமிழில் இல்லை. அது ஒரு குறைதான்.

ஒவ்வொரு பகுதிக்கும் யார் பார்க்கலாம் என்ற அமைப்பு உண்டு: எல்லோரும், நீங்கள் அனுமதித்த அமைப்புகள், நீங்கள் மட்டும். கட்டுரைகளையும் பணியிடத்தையும் எல்லோருக்கும் திறந்து வையுங்கள். ‘நான் மட்டும்’ என்று விட்டுவிட்டால், மதிப்பீட்டாளர் உங்கள் எண்ணைத் திறந்து பார்க்கும்போது வெற்றுப் பக்கம்தான் தெரியும்.

இப்போது அந்த ஒரு மதிப்பெண் குறைந்த இடத்துக்கு வருவோம். எண்ணை வாங்கிவிட்டால் கட்டுரைகள் தானாக வந்து சேரும் என்று பலரும் நினைக்கிறார்கள். வரும், ஆனால் நான்கு படிகள் ஒழுங்காக நடந்தால்தான். கட்டுரையைச் சமர்ப்பிக்கும்போது ஜர்னலின் தளத்திலிருந்து நீங்களே ஆர்கிட்டுக்குள் உள்நுழைந்து எண்ணை இணைக்க வேண்டும். பதிப்பகம் கட்டுரைக்கு டி.ஓ.ஐ. (கட்டுரைக்கென்றே உள்ள நிரந்தர அடையாள எண்) பதியும்போது உங்கள் ஆர்கிட் எண்ணையும் சேர்த்து, அந்த டி.ஓ.ஐ.களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்புக்கு அனுப்ப வேண்டும். உங்கள் பதிவைப் புதுப்பிக்க அனுமதி கேட்டு கிராஸ்ரெஃப் ஒரு அறிவிப்பு அனுப்பும். அதற்கு நீங்கள் சம்மதம் தர வேண்டும். ஒரு முறை தந்தால் போதும், அடுத்தடுத்த கட்டுரைகள் கேட்காமலே வரும்.

அறுந்துபோவது பெரும்பாலும் முதல் படியிலும் கடைசிப் படியிலும்தான். நான்கு பேர் எழுதிய கட்டுரை என்றால், ஜர்னலோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கும் தொடர்பு ஆசிரியர் மட்டும் உள்நுழைந்து தன் எண்ணை இணைப்பார். மற்ற மூன்று பேரின் எண்கள் விட்டுப்போகும், அல்லது அவர் கையால் தட்டச்சு செய்து போடுவார். கையால் போட்டதை உறுதி செய்யப்பட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. முன்பு சொன்ன அடுத்தவர் எண் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் இங்கேதான்: பெயரை வைத்து ஆர்கிட்டில் தேடி, வரும் பல எஸ். நாயுடுகளில் முதல் ஆளின் எண்ணை எடுத்துப் போட்டுவிடுவது. அதனால் கட்டுரை ஏற்கப்படுவதற்கு முன்பே ஒவ்வொரு இணை ஆசிரியரும் தன் கணக்கில் உள்நுழைந்து இணைத்தாரா என்று தொடர்பு ஆசிரியர் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அச்சான பிறகு திருத்தச் சொன்னால் பதிப்பகங்கள் எளிதில் இசைவதில்லை. தென்னாப்பிரிக்க ஜர்னல்கள் பலவும் பயன்படுத்தும் ஓ.ஜெ.எஸ். என்ற ஜர்னல் நடத்தும் மென்பொருளில், இணை ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி எண்ணை உறுதி செய்யச் சொல்லும் வசதி உண்டு. ஜர்னல் நடத்துபவர் அதை இயக்கி வைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். கடைசிப் படி அறுவதற்குக் காரணம் எளிது: கிராஸ்ரெஃப் அறிவிப்பை விளம்பர மின்னஞ்சல் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அழித்திருந்தால் ஆர்கிட் கணக்குக்குள் போய் அறிவிப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள், அங்கே இருக்கும்.

பழைய கட்டுரைகளைச் சேர்க்கப் பெயரால் தேடவே வேண்டாம். ‘நாயுடு’ என்று போட்டால் வந்து குவியும் பட்டியலில் கை தவறி ஒன்றைச் சொடுக்குவது மிகச் சுலபம். டி.ஓ.ஐ. எண்ணை ஒட்டிச் சேர்க்கும் வழியைப் பயன்படுத்துங்கள். தலைப்பு, ஆண்டு, ஜர்னல் எல்லாம் தானே நிரம்பும். ஆய்வேடு குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ரிசர்ச்ஸ்பேஸ் களஞ்சியத்தில் இருந்தால், அங்கே அதற்குத் தந்திருக்கும் ஹேண்டில் என்ற நிரந்தர இணைப்பு எண்ணைக் கொடுத்துக் கையால் சேர்க்கலாம்.

பிறருடைய ஆர்கிட் பக்கத்தை மதிப்பிடும் குழுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, ஒவ்வொரு பதிவின் அடியிலும் இருக்கும் ‘மூலம்’ என்ற வரி. அங்கே கிராஸ்ரெஃப் என்று மட்டும் இருந்தால் பதிப்பகம் வழியாகத் தானாக வந்தது. ஆய்வாளர் பெயரும் அதையடுத்து ‘கிராஸ்ரெஃப் தேடல் வழியாக’ என்றும் இருந்தால் அவரே தேர்ந்தெடுத்துச் சேர்த்தது. பெயர் மட்டும் இருந்தால் கையால் எழுதியது. மூன்றும் ஒரே நம்பகத்தன்மை உள்ளவை அல்ல. யார் வேண்டுமானாலும் எந்தக் கட்டுரையையும் தன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ள முடியும் என்பதை மறக்கக் கூடாது.

ஆர்கிட் எச்-இண்டெக்ஸும் காட்டாது, மேற்கோள் எண்ணிக்கையும் காட்டாது. இதைக் குறை என்பவர்கள் உண்டு. நல்ல முடிவு என்பதே சரி. யார் எழுதினார் என்பது ஒரு கேள்வி, எவ்வளவு என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு ஒரே கட்டுரைக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்கிறார்கள். எச்-இண்டெக்ஸ் ஒவ்வொரு ஆசிரியருக்கும் முழுக் கட்டுரையையும் கொடுத்துவிடுகிறது. தென்னாப்பிரிக்க உயர்கல்வி, பயிற்சித் துறையோ பல்கலைக்கழகங்களுக்கு மானியம் கணக்கிட ஒரு கட்டுரைக்கு ஒரு யூனிட் என்று வைத்து, பெயர் வரிசையைப் பார்க்காமல் ஆசிரியர்களிடையே சமமாகப் பங்கு போடுகிறது. நான்கு பேர் எழுதியதில் இருவர் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம், ஒருவர் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஒருவர் சென்னை என்றால் 0.5, 0.25 என்று இங்குள்ள இரண்டுக்கும் போகும், சென்னையின் 0.25-க்கு இங்கே மானியம் கிடையாது. ஒருவர் இரண்டு உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களின் பெயரைப் போட்டால் அவர் பங்கும் இரண்டாகும். இதற்கு கட்டுரையில் அச்சான நிறுவனப் பெயர்தான் ஆதாரம். ஆர்கிட்டில் எழுதியிருப்பது உதவாது. எனவே மெய்ப்பு பார்க்கும்போது நிறுவன வரியைக் கட்டாயம் சரிபாருங்கள்.

யார் என்ன வேலை செய்தார் என்பதற்கு 14 வகைப் பங்களிப்புகள் கொண்ட கிரெடிட் (CRediT) பட்டியல் இருக்கிறது. 2022-இல் அமெரிக்கத் தர நிர்ணயமாகவும் ஆனது. கருத்துருவாக்கம், தரவுப் பராமரிப்பு, மென்பொருள், மேற்பார்வை, முதல் வரைவு, திருத்தம் என்று பிரித்துக் காட்டும். ஆர்கிட்டில் இதைப் பதிய இடம் உண்டு, நிரப்பாவிட்டால் காலியாகவே கிடக்கும். இந்தப் பட்டியல் யாரை ஆசிரியராகச் சேர்ப்பது என்று தீர்மானிப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். பண உதவி பெற்றுத் தந்ததும் அதில் ஒரு வகை. அதற்காக மட்டும் ஒருவர் பெயரைக் கட்டுரையில் சேர்ப்பதை மருத்துவ ஜர்னல்களின் விதி ஏற்காது. எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், பொறுப்பேற்பு எல்லாம் அங்கே வேண்டும். முதுகலை மாணவர்கள் தரவு சேகரிக்கத் தொடங்கும்போதே மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து இந்த 14-ஐயும் நிரப்பி, தேதி போட்டு வைத்துக்கொள்வது நல்லது. கட்டுரை எழுதி முடித்த பிறகு பெயர் வரிசை பேசப் போனால், மாணவரின் கை எப்போதும் கீழேதான் இருக்கும்.

மாற்றுச் சேவைகளைப் பற்றிச் சுருக்கமாக: ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் தானாகவே ஒரு ஆசிரியர் எண் தரும், ஒரே ஆளை இரண்டாகப் பிரிப்பதும் அதில் நடக்கும், திருத்தக் கோரிக்கை அனுப்பி ஒன்றாக்கிவிட்டு, பிறகு ஆர்கிட்டோடு இணையுங்கள். கூகுளின் கட்டுரைத் தேடல் சேவையான கூகுள் ஸ்காலரில் கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் அமைப்பை நிறுத்தி, மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். பிள்ளை, நாயுடு பெயர்களுக்கு இது கட்டாயம்.

இரண்டு எண் வைத்திருப்பவர்களும் நிறைய. மாணவராக இருந்தபோது பல்கலைக்கழக மின்னஞ்சலில் ஒன்று, ஜர்னல் கேட்டபோது ஜிமெயிலில் இன்னொன்று. கணக்கு அமைப்புகளில் நகல் பதிவை நீக்கும் வசதி இருக்கிறது. நீக்கிய எண்ணைத் தேடுபவர்கள் முதன்மை எண்ணுக்குப் போய்ச் சேருவார்கள். ஆனால் நகலில் இருந்த கட்டுரைப் பட்டியல் கூடவே வராது. முதலில் அங்கிருப்பதையெல்லாம் முதன்மைப் பதிவில் சேர்த்துவிட்டு, அப்புறம் நீக்குங்கள். பட்டம் முடித்து வெளியேறுபவர்கள் பல்கலைக்கழக முகவரி முடங்கும் முன்பே சொந்த மின்னஞ்சல் ஒன்றை இரண்டாவதாகச் சேர்த்து, அதற்கு வரும் உறுதிப்படுத்தல் இணைப்பையும் சொடுக்கிவிட வேண்டும். கடவுச்சொல் மறந்தால் அந்த முகவரி வழியாகத்தான் திரும்ப உள்ளே வர முடியும்.