குளிரூட்டி இல்லாத கேமரா, குளிரூட்டி உள்ள கேமரா: மொட்டைமாடிக்கு எது?

ஆறு அங்குல எஃப்/5 நியூட்டோனியன் (கண்ணாடி வைத்த) தொலைநோக்கி, திருவண்ணாமலையில் ஒரு மொட்டைமாடி, ஒரு லேப்டாப். பத்துப் பத்து நொடிப் படங்களாக எடுத்து, ஷார்ப்கேப் என்ற மென்பொருளில் அங்கேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, திரையில் நெபுலா (விண்வெளியின் வாயு, தூசு மேகம்) கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவதைப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. முதல் இரண்டு வருடம் இதற்குப் பயன்பட்டது சோனியின் ஐஎம்எக்ஸ்585 சென்சார் வைத்த, குளிரூட்டி இல்லாத கேமரா. இப்போது இருப்பது ஐஎம்எக்ஸ்533 சென்சாரும் குளிரூட்டியும் உள்ளது. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொடுத்தது சரிதான் என்ற கட்சியில் நான் இருப்பதால், இந்த ஒப்பீடு கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும்.

எண்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 585-இல் 83 லட்சம் பிக்சல், ஒவ்வொன்றும் 2.9 மைக்ரான், வெளிச்ச அளவைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் 12 பிட். 533-இல் 90 லட்சம், 3.76 மைக்ரான், 14 பிட். 585 சேர்ந்த ஸ்டார்விஸ் வரிசையே கண்காணிப்புக் கேமராக்களுக்காக வந்தது. ராத்திரியில் திருடனைப் பிடிக்கச் செய்ததை நாம் நெபுலா பிடிக்க வைத்திருக்கிறோம். மங்கலான வெளிச்சத்தை உறிஞ்சுவதில் அது சோடை போகவில்லை. வியாழனும் சனியும்தான் உங்கள் ஆசை என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், 585 போதும். நொடிக்கு எத்தனை படம் என்ற வேகத்தில் 533 அதற்கு ஈடு கிடையாது.

வடிவம் மட்டும் ஒரு விஷயம். இரண்டுக்கும் அகலம் சுமார் 11 மில்லிமீட்டர்தான். ஆனால் 585 டிவி மாதிரி நீளவாக்கு, 533 சதுரம். மே மாதம் தெற்கே 30 டிகிரி உயரத்துக்கு வரும் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து, நம் ஊருக்குக் கிடைத்த வரம். அதன் குறுக்களவு சுமார் 36 ஆர்க் நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் நிமிடம்). என் தொலைநோக்கியில் 585 காட்டும் உயரம் 29 நிமிடம், ஆக மேலும் கீழும் வெட்டுப்படும். 533-இல் 52 நிமிடம் கிடைப்பதால் முழுசாக உட்காரும்.

சரி, இதற்காகவா இரண்டு மடங்கு? இல்லை. என்னை மாற்ற வைத்தது டார்க் ஃப்ரேம்.

சென்சார் சூடாக இருந்தால் வெளிச்சமே படாத பிக்சலிலும் எலக்ட்ரான் சேரும். சில பிக்சல்களில் அது அளவுக்கு மீறிச் சேர்ந்து, திரை முழுக்கச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சீரியல் பல்பு போட்டது போல் ஆகிவிடும். படங்களை அடுக்கும்போது நட்சத்திரங்கள் நகரும் திசைக்கு எதிராக அந்தப் புள்ளிகள் கோடுகளாக இழுபடும். மருந்து எளிது: தொலைநோக்கியை மூடிவைத்து அதே நேர அளவில் சில படங்கள் எடுத்து (இவைதான் டார்க் ஃப்ரேம், சுருக்கமாக டார்க்), அவற்றைக் கழித்துவிட வேண்டும். ஆனால் கழிக்கிற படமும் கழிபடுகிற படமும் ஒரே வெப்பநிலையில் எடுத்ததாக இருக்க வேண்டும். வம்பு அங்கேதான்.

கோடையில் எங்கள் மாடியில் இரவு 30 டிகிரி சாதாரணம். குளிரூட்டி இல்லாத கேமராவின் சென்சார் அதற்கும் மேல் பத்து டிகிரி சூடாக ஓடும். எட்டு மணிக்கு 41 காட்டியது இரண்டு மணிக்கு 35-க்கு வந்துவிடும். வெளிச்சமில்லாமல் எலக்ட்ரான் சேரும் இந்த இருட்டு மின்னோட்டம், வெப்பம் சுமார் ஆறு டிகிரி ஏறும்போதெல்லாம் இரட்டிப்பாவது. எனவே எட்டு மணிக்கு எடுத்த டார்க்கை இரண்டு மணிப் படத்தில் கழித்தால், இல்லாத சூட்டைக் கழித்துக் கரும்புள்ளிகள் விழும். மணிக்கொரு தரம் புது டார்க் எடுப்பேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படியேறி வந்து நிற்பார்கள், நான் மூடியைப் போட்டு உட்கார்ந்திருப்பேன். "அண்ணே, எப்பண்ணே தெரியும்?" என்று கேட்டுக் கேட்டுக் கீழே இறங்கிப்போன இரவுகள் உண்டு. சூடான புள்ளிகளை மட்டும் நீக்கும் வசதி ஷார்ப்கேப்பில் இருக்கிறது. பாதி போகும், மீதி நின்று முறைக்கும்.

533-ஐ 0 டிகிரியில் நிறுத்திவிட்டேன். மே மாதமும் 0, மார்கழியும் 0. ஒரு மேகமூட்டமான இரவில் பத்து நொடிக்கும் முப்பது நொடிக்குமாக டார்க் எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டேன். மாதக்கணக்கில் அதையேதான் கழித்துக்கொண்டிருக்கிறேன். 40 டிகிரியிலிருந்து 0-க்கு இறங்கினால் இருட்டு மின்னோட்டம் நூறில் ஒரு பங்குக்கு வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் நான் காசு கொடுத்தது அந்தக் குளிருக்கு என்பதைவிட, அது அசையாமல் நிற்பதற்கு.

விளம்பரத்தில் வரும் "மைனஸ் 20"-ஐ நம்ம ஊரில் கனவு காண வேண்டாம். இந்தக் கேமராக்கள் சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரி வரைதான் இறக்கும். கோடையில் முழு மூச்சாக ஓடினாலும் மைனஸ் 5, அதுவும் திணறித்தான். 0 நிதானமான இடம்.

இதன் தொல்லைகளையும் சொல்ல வேண்டும். 585-க்கு லேப்டாப்பின் யுஎஸ்பி வயர் ஒன்றே போதும். இதற்கு 12 வோல்ட் தனியாக வேண்டும், வெக்கையில் இரண்டு ஆம்பியருக்கு மேலேயே இழுக்கும். 7 ஏ.ஹெச். பேட்டரி மூன்று மணி நேரம் தாண்டுவதே பெரிது. அப்புறம் ஈரம். ஒருமுறை சென்சார் அறையைத் திறந்து தூசி துடைத்தவன், உள்ளே ஈரம் உறிஞ்ச இருக்கும் சிலிக்கா ஜெல்லைக் காயவைக்காமல் மூடிவிட்டேன். அன்று ராத்திரி திரையின் நடுவில் பனி கோலம் போட்டது. முழுக்க என் சோம்பல்தான். கடலோரத்தில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

ஜவ்வாது மலைக்கு, காவலூர்ப் பக்கம், இரண்டு கேமராவையும் கொண்டுபோனது ஒரே ஒரு டிசம்பர் இரவு. அந்தக் குளிரில் 585 சமத்தாக நடந்துகொண்டது. ஓரியன் நெபுலாவில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல நான் திரையை உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு இரவை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீடு இருந்தால் நான் இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டேன்.

585 சென்சாரையே குளிரூட்டியுடன் விற்கிறார்கள். நான் கையில் தொட்டதில்லை, ஆனால் இன்று முதல் கேமரா வாங்குபவனாக இருந்தால் முதலில் அதன் விலையைத்தான் விசாரிப்பேன். ஒமேகா சென்டாரி வெட்டுப்படுவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பழைய கேமராவை விற்கப்போனேன். குளிரூட்டி இல்லாதது கோள் பார்ப்பவர்களுக்கும் ஆகும் என்பதால் மூன்றே நாளில் ஆள் வந்தார். கடைசி நேரத்தில் மனசு வரவில்லை. வியாழன் மேலே ஏறும் மாதங்களில் அதை மாட்டிவிட்டால், பிள்ளைகள் எப்போது தெரியும் என்று கேட்பதில்லை.